ப்ரோக்கர் ஆப்ல இருக்கிற கில் ஸ்விட்ச், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன்ஸ் ட்ரேட் பண்றவங்க கட்டாயம் படிங்க. நான் வச்சிருக்கிற ஆப்ல கில் ஸ்விட்ச்னு ஒன்னு இருக்கு, அமுக்கினா எஃப் அண்ட் ஓ, அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ட்ரேடிங் மொத்தமா லாக், திரும்பத் திறக்க 12 மணி நேரம் ஆகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நிஃப்டி எக்ஸ்பைரி, அதாவது ஆப்ஷன் கெடு முடியற நாள், காலைல பத்தரைக்குள்ள 8 ஆயிரம் போச்சு, விட்டதைப் பிடிக்கணும்னு வாங்குற லாட் எண்ணிக்கையை டபுள் பண்ணி டபுள் பண்ணி ரெண்டு மணிக்கு 41 ஆயிரம் நஷ்டத்துல வந்து நின்னேன், காதெல்லாம் சூடு, நெஞ்சு படபடன்னு அடிக்குது, சார்ட்டையே நான் பார்க்கல. அன்னைக்கு ராத்திரிதான் இந்த பட்டனைத் தேடிக் கண்டுபிடிச்சேன்.

12 மணி நேரம் ஏன்னு முதல்ல எரிச்சலா இருந்தது. டென்ஷன் ஆனா அட்ரினலின் சட்டுனு ஏறிடும், கார்டிசால்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அப்படி இல்ல, 20-30 நிமிஷம் கழிச்சுதான் உச்சத்துக்கு வரும், இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஆகும். ஒரு டீ குடிச்சிட்டு வந்து உக்கார்ந்தா போதும்னு நினைச்சேன் பாருங்க, அது ஏறிக்கிட்டிருக்கிற நேரமே அதுதான்.

இதுல ஒரு ஆராய்ச்சி என்னை ரொம்ப யோசிக்க வச்சது. ட்ரேடரா இருந்துட்டு கேம்ப்ரிட்ஜுக்குப் போன ஜான் கோட்ஸ், லண்டன்ல 17 ட்ரேடர்களோட எச்சிலை 8 நாள் டெஸ்ட் பண்ணி 2008ல வெளியிட்டார். காலைல டெஸ்டோஸ்டிரோன் அதிகமா இருந்த நாள்ல லாபம் அதிகம், மார்க்கெட் ஆட்டம் கூடக்கூட கார்டிசாலும் கூடுச்சு. அப்புறம் 2014ல அவரோட டீம் மாத்திரை கொடுத்து கார்டிசாலை 8 நாள் 69% ஏத்தி வச்சுப் பார்த்தாங்க, முதல் நாள் ஒன்னும் மாறல, எட்டு நாள் ஆனப்போ ஆளுங்க ரிஸ்க் எடுக்கவே பயந்தாங்க. தொடர்ந்து நஷ்டம் வந்த வாரத்துல ட்ரேட் எடுக்க நல்ல செட்டப் கண்ணு முன்னாடி வந்தும் எனக்கு கை போகாதது இதனாலயா இருக்கும்னு தோணுது. அதுக்கு இந்த பட்டன் பத்தாது, ஒரு வாரம் முழுசா லீவு விட்டாத்தான் எனக்கு சரியாகுது.

குறைன்னா ரெண்டு. ப்ரொஃபைலுக்குள்ள எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்க, கை நடுங்குற நேரத்துல யாரு தேடுவா? அதோட இவ்ளோ நஷ்டம் ஆனா தானா லாக் ஆகுற மாதிரி செட் பண்ண முடியல, அது இருந்தே ஆகணும். 2021-22லேர்ந்து மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம்னு மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபியே சொல்லியிருக்கு.

5க்கு 4. அந்த ஆட்டோ லாக் வர்ற வரைக்கும் எக்ஸ்பைரி அன்னைக்கு பத்தரைக்கு எனக்கு போன் பண்ணுன்னு தம்பிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.