நிஸ்ட் கணிதச் சார்பு நூலகம்: வகைக்கெழுச் சமன்பாடு போடுபவர்களுக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2010-இல் இணையத்தில் திறந்த இலவச நூலகம் இது; ஏய்ரி, பெஸ்ஸல் போன்ற சிறப்புச் சார்புகளின் சூத்திரங்களைத் தொகுத்துத் தருகிறது; சுருக்கமாக டிஎல்எம்எஃப். 1964-இல் அச்சான அப்ரமோவிட்ஸ்–ஸ்டெகன் கையேட்டின் வாரிசு. பழைய கையேட்டில் பக்கம் பக்கமாக இருந்த எண் அட்டவணைகள் இதில் இல்லை. அது குறையே அல்ல. மதிப்பு வேண்டுமென்றால் சைப்பை (பைதான் மொழியின் அறிவியல் கணக்கீட்டுத் தொகுப்பு) போன்ற மென்பொருள் தரும். எந்தத் தீர்வை எந்தத் திசையில் கணக்கிட வேண்டும் என்பதை மென்பொருள் சொல்லாது. இந்த நூலகம் சொல்கிறது.

9-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஏய்ரி சமன்பாடு: ஒய்-யின் இரண்டாம் வகைக்கெழு = எக்ஸ் × ஒய். எக்ஸ் மிகை எண்ணாக வளரும்போது ஒரு தீர்வு தேயும், மற்றது வளரும். தேயும் தீர்வுக்கு 0-இல் மதிப்பு 0.355028, சரிவு −0.258819. இதை வைத்து 0-விலிருந்து 10 வரை படிப்படியாகப் போனால் விடை கெட்டுவிடும். 10-இல் சரியான மதிப்பு சுமார் 1.1 × 10⁻¹⁰. வளரும் தீர்வோ அங்கே 4.6 × 10⁸. தொடக்கத்தில் 10⁻¹⁶ அளவு ரவுண்டிங் பிழை இருந்தாலே போதும், அது வளரும் தீர்வின் மேல் ஏறிக்கொண்டு உண்மை விடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்காகிவிடும். 9.17 பகுதி இதற்கு வழி காட்டுகிறது: தொலைவில் அசிம்டாட்டிக் விரிவிலிருந்து (எக்ஸ் பெரிதாக இருக்கும்போது தோராய மதிப்பு தரும் தொடர்) தொடங்கி 0-வை நோக்கி வர வேண்டும். அந்தத் திசையில் பிழை தானாகத் தேய்ந்துவிடும். எதிர்மறைப் பக்கம் இரண்டு தீர்வுகளும் அலைபவை என்பதால் 0-விலிருந்தே போகலாம்.

அடுத்து, குறியீட்டுச் சிக்கல். பலர் தடுக்கி விழும் இடமே இதுதான். ஊசலின் அலைவு நேரத்தில் வரும் நீள்வட்டத் தொகையீட்டுக்கு, உள்ளிடும் எண்ணாக இந்த நூலகம் கே என்ற மாடுலஸைக் கொள்கிறது. அதைக் கணக்கிடும் சைப்பையின் எலிப்கே கட்டளை கே-யின் வர்க்கத்தைக் கேட்கிறது. 90 டிகிரி வீச்சில் ஆடும் ஊசலுக்கு மாடுலஸ் 0.7071. வர்க்கமான 0.5-ஐக் கொடுத்தால், அலைவு நேரம் சிறுவீச்சு நேரத்தைப் போல 1.180 மடங்கு, இதுவே சரி. 0.7071-ஐ அப்படியே கொடுத்தால் 1.328 மடங்கு என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடையும் நம்பும்படியாகவே தெரியும். ஒவ்வொரு சூத்திரத்தின் அருகிலும் உள்ள சிறு தகவல் குறியை அழுத்தினால் அதிலுள்ள குறியீடுகளின் வரையறை திறக்கும். நகலெடுக்கும் முன் அதை அவசியம் படியுங்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. உங்கள் கையிலுள்ள சமன்பாடு எந்த அத்தியாயத்தில் அடங்கும் என்று நூலகம் வழிநடத்தாது. நேரியல் இரண்டாம் வரிசைச் சமன்பாடு என்றால் சிங்குலர் புள்ளிகளை (இரண்டாம் வகைக்கெழுவின் கெழுவால் வகுத்தபின் மற்றக் கெழுக்கள் முடிவிலியாகும் இடங்கள்) எண்ணுங்கள், முடிவிலியையும் சேர்த்து. ஒழுங்கானவை (அருகில் தீர்வு ஒரு அடுக்கின் வேகத்துக்கு மேல் பெருகாதவை) மூன்று என்றால் 15-ஆம் அத்தியாயம், ஹைப்பர்ஜியோமெட்ரிக். அவற்றில் இரண்டு ஒன்றாகக் கலந்திருந்தால் 13. நான்கு என்றால் 31, ஹாய்ன். பெஸ்ஸல் சமன்பாட்டுக்கு 10. நேரியல் அல்லாத பென்லெவே சமன்பாடுகள் ஆறும் 32-இல். அவற்றின் பொதுத் தீர்வுகள் பழைய சார்புகளில் அடங்காத புதிய விஞ்சிய சார்புகள் (இயற்கணிதச் சமன்பாட்டால் வரையறுக்க முடியாதவை).

நிறுவல்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் மூல நூலின் பெயரோடு நின்றுவிடும். முதன்முதலாகப் படிப்பவர்கள் பாடநூல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.