மைக்ரோவேவில் சூடாக்கும் கண்பட்டை: எந்த வலிக்கு உதவும், எந்த வலிக்கு உதவாது

நாள்பட்ட கண் உலர்வோடு வாழ்பவர்கள் சொட்டு மருந்துக்கு அடுத்தபடியாகத் தேடிப்போகும் பொருள், மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கி மூடிய கண்களின் மேல் வைத்துக்கொள்ளும், மணிகள் நிரப்பிய துணிப்பட்டையாகும். கடைகளில் ஐ மாஸ்க் என்ற பெயரில் கிடைக்கும் இதனை நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறேன். வெவ்வேறு நிறுவனங்களின் பட்டைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருப்பதால், இம்மதிப்புரையை ஒரு வணிகப் பெயருக்கு உரியதாக அல்லாமல் இந்த வகைப் பொருளுக்கே உரியதாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: உங்கள் வலி இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டதால் வருவதாக இருந்தால் இது வாங்கத் தகுந்த பொருள், நரம்பிலிருந்து வருவதாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த பட்டையாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாது.

இந்த வேறுபாடு புரிய வேண்டுமானால் கண்ணீர்ப் படலத்தைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். கண்ணின் மேற்பரப்பை நனைக்கும் படலத்தில் சளித்தன்மையுள்ள பகுதி அடியிலும், நீர் நடுவிலும், மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மேலேயும் இருக்கின்றன. அந்த எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாகத் திறக்கும் மைபோமியன் சுரப்பிகள். 1666ஆம் ஆண்டில் அவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரையே அவை இன்றும் தாங்கியுள்ளன. நலமான கண்ணில் இந்த எண்ணெய் உடலின் சூட்டிலேயே உருகி ஒழுகும். சுரப்பிகள் கெட்டால் அது பற்பசையைப் போல இறுகி, திறப்பை அடைத்துக்கொள்கிறது. எண்ணெய்ப் பூச்சு இல்லாத நீர் விரைவில் ஆவியாகிவிடுவதால், அடுத்த இமைப்புக்கு முன்பே படலம் ஆங்காங்கே கிழிந்து, கருவிழியின் மேற்பரப்பு காற்றுக்கு வெளிப்படுகிறது. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களுள் கருவிழி முதன்மையானது என்பதால், இத்தனை சிறிய கிழிசல் இத்தனை பெரிய வேதனையாக உணரப்படுகிறது. கண்ணிலிருந்து நீர் வழிந்தோடும்போது “உலர்வு என்கிறாயே, கண்ணீர்தான் கொட்டுகிறதே” என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அந்த நீர் எரிச்சலுக்கு எதிர்வினையாகப் பொங்குவது என்பதையும், எண்ணெய் இல்லாத அது கண்ணில் நிலைப்பதில்லை என்பதையும் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க இயலாது.

இறுகிய எண்ணெயை இளக்க, இமையின் உட்புறம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டி, சுமார் பத்து நிமிடங்கள் அதிலேயே நிற்க வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி தோற்பது இந்த இடத்தில்தான். அது ஓரிரு நிமிடங்களில் ஆறிவிடும். மறுபடி மறுபடி எழுந்து நனைக்க வேண்டும். ஈரம் ஆவியாகும்போது இமையின் சூட்டையும் உடன் எடுத்துச் செல்லும். மணிகள் நிரப்பிய பட்டை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்திருந்து, சூடாக்கும்போது மிதமான ஆவியாக வெளியிடுகிறது. சூடும் தேவையான நேரம்வரை பெருமளவு தங்குகிறது. படுத்தபடியே கண்மூடி இருக்க முடிவதால், ஒத்தடத்தைப் பாதியில் கைவிடுவது குறைகிறது. நாள்பட்ட நோயில் ஒரு சிகிச்சை எவ்வளவு நல்லது என்பதோடு, சோர்ந்த நாளிலும் அதைச் செய்ய மனம் வருமா என்பதும் கணக்கில் வர வேண்டும்; அந்தக் கணக்கில் துணியைவிடப் பட்டை வெகு தூரம் முன்னே நிற்கிறது.

பலன் எத்தகையது என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். பட்டையை எடுத்தவுடன், இமை விளிம்பை விரல் நுனியால் மென்மையாக, மேலிமையில் கீழ்நோக்கியும் கீழிமையில் மேல்நோக்கியும் வருடி, பிறகு சில முறை முழுமையாக இமைத்தால், மணல் விழுந்தது போன்ற உறுத்தல் தணிகிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைவதோடு இமைகள் முழுதாக மூடுவதும் இல்லை; ஆகவே நாள் முழுவதும் கணினியின் முன் இருந்த மாலைகளில்தான் இந்தத் தணிவு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் அது சில மணி நேரத் தணிவே. தொடர்ந்து செய்துவந்தால் மோசமான நாள்கள் அருகி வருகின்றன. விட்டுவிட்டால் அவை திரும்புகின்றன. நீண்ட காலம் அடைபட்டுச் சுருங்கி மறைந்துபோன சுரப்பியை எந்த ஒத்தடமும் மீட்டுத் தருவதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். மைக்ரோவேவ் அடுப்புகளின் திறன் வேறுபடுவதால் உறையில் குறித்த நொடிக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. மேலும் மணிகள் ஒரு மூலையில் திரண்டிருந்தால் அந்த இடம் மட்டும் சுடும். சூடாக்கியபின் பட்டையை நன்றாகக் குலுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். இமையின் தோல் மெல்லியது. சூடு 45 டிகிரியை எட்டினால் அது புண்படக்கூடும். மணிகள் அதிகமாக அடைத்த பட்டைகள் சூட்டை நெடுநேரம் வைத்திருந்தாலும் அவற்றின் எடை விழியை அழுத்துகிறது. ஒத்தடத்திற்குப் பிறகு சிறிது நேரம் பார்வை மங்கலாகத் தெரிவதற்குச் சூடான கருவிழியின் மேல் விழும் இந்த அழுத்தமும் ஒரு காரணம். நெற்றியிலும் கன்னத்திலும் எடை தாங்கி, விழியின் மேல் மெதுவாக அமரும்படி இரு குழிகளாகத் தைத்த பட்டைகளே சிறந்தவை. நேராகத் தைத்த தட்டைப் பட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தலைமுடியைப் பிடித்து இழுக்கும் வெல்க்ரோ பட்டி வேறு. கழற்றித் துவைக்கத்தக்க மேலுறை இல்லாதவற்றில் முகத்தின் எண்ணெயும் பிசுக்கும் படிந்து, சுத்தமாக இருக்க வேண்டிய இமைக்கே அவை அழுக்கைச் சேர்க்கின்றன.

இந்த வகைப் பொருளின் பெட்டிகள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டின் பன்னாட்டு வல்லுநர் அறிக்கையான டியூஸ் 2, கண் உலர்வின் வரையறையிலேயே நரம்புணர்வுக் கோளாறுகளையும் ஒரு காரணியாகச் சேர்த்தது. சிலருக்குக் கருவிழியில் சேதம் ஏதும் தென்படாது. கண்ணீரின் அளவைப் பார்க்கக் கீழிமையில் செருகும் ஷிர்மர் தாளில் ஐந்து நிமிடங்களில் போதிய ஈரமும் ஏறும். இருந்தும் காற்றும் வெளிச்சமும் பட்டாலே கண் எரியும். மருத்துவர் உணர்விழப்புச் சொட்டு ஒன்றை விட்ட பிறகும் வலி நீடித்தால், அது கண்ணின் மேற்பரப்பிலிருந்து மட்டும் எழவில்லை என்று கருதப்படுகிறது. (அச்சொட்டை வீட்டில் பயன்படுத்தக் கூடாது, தொடர்ந்து விட்டால் கருவிழியையே கெடுத்துவிடும்.) எனக்கு இரு வகை வலியும் கலந்தே இருக்கின்றன. உறுத்தலுக்குப் பட்டை உதவுகிறது. கண்ணின் பின்புறம்வரை பாயும் அந்த எரிவுக்கு உதவுவதில்லை. சில நாள்களில் சூடே அதைத் தூண்டியும் விடுகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்குபவர் ஒன்று பொருளைப் பழிப்பார், அல்லது தன்னையே பழித்துக்கொள்வார்.

மாற்றுப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின்வடத்தோடு வரும் பட்டைகள் சூட்டைச் சீராக வைத்திருக்கின்றன, ஆனால் வறண்ட சூடு. உறையைப் பிரித்ததும் இரும்புத்தூள் காற்றோடு வினைபுரிந்து சூடாகும் ஒருமுறைப் பட்டைகள் பயணத்திற்கு ஏற்றவை. அன்றாடப் பயன்பாட்டிற்கு வீண்செலவு. பட்டையோடு சேர்த்து இலவசமாகத் தரப்படும் ஒமேகா 3 மாத்திரைகளுக்காக எதையும் வாங்க வேண்டியதில்லை: 2018இல் வெளியான ட்ரீம் ஆய்வில், ஓராண்டு முடிவில் அவை ஒலிவ எண்ணெய் மாத்திரைகளைவிட மேலான பலனைத் தரவில்லை. சொட்டு மருந்தை நாளுக்குப் பல முறை விடுபவர்கள் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பதப்பொருள் கலவாததைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; அந்தப் பதப்பொருளே கண்ணின் மேற்பரப்பைக் காயப்படுத்தக்கூடியது என்பதால், ஒருபுறம் ஒத்தடமும் மறுபுறம் அத்தகைய சொட்டுமாக இருப்பது கொடுத்ததைத் திருப்பி வாங்குவதாகும்.

கண்ணில் தொற்று இருப்பவர்களும், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும், சூட்டால் முகம் சிவந்து தடிக்கும் ரோசேசியா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிய பிறகே பட்டையை வைக்க வேண்டும். வாங்கும்போது, குழிவான அமைப்பு, துவைக்கத்தக்க மேலுறை, குலுக்கினால் மணிகள் தடையின்றி நகர்தல் ஆகிய மூன்றையும் பாருங்கள். மணிகள் உடைந்து தூளாகத் தொடங்கினாலோ, சூடாக்கும்போது கருகிய வாடை எழுந்தாலோ, அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று வாங்க வேண்டியதுதான்.