செம்பேனும் வேப்ப எண்ணெயும்: சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நீண்ட நாள் அனுபவம்

வீட்டுச் செடிகளில் செம்பேன் என்ற எட்டுக்கால் சிற்றுயிர் வந்தால் பல வருடமாக நான் எடுப்பது வேப்ப எண்ணெயைத்தான். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இலையைக் கழுவாமல் எண்ணெயை மட்டும் அடித்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

முதலில் வந்திருப்பது செம்பேன்தானா என்று பார்த்துவிடுங்கள். இலையின் மேல்பக்கத்தில் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள் தெரியும். இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு பேன் சுமார் அரை மில்லிமீட்டர்தான், கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கினால் பிடிபடும். நூலாம்படை கண்ணுக்குத் தெரிகிறதென்றால் கூட்டம் ரொம்பப் பெருகிவிட்டது. வெள்ளிக் கோடுகளும் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் அது இலைப்பேன், வேறு பூச்சி.

இவ்வளவு ஈரப்பதம் உள்ள சிங்கப்பூரில் இது எப்படி வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். வெளியேதான் ஈரம். ஏர்கான் ஓடும் அறையில் காற்று வறண்டுவிடுகிறது. மழையே படாத தாழ்வாரத்திலும் தூசி இலையிலேயே தங்கிவிடுகிறது. இரண்டுமே செம்பேனுக்குச் சாதகம். பிப்ரவரி மாத வறண்ட காற்றில் என் கலாத்தியா என்ற அழகு இலைச்செடிக்குத்தான் முதல் அடி விழும். 30 டிகிரி வெப்பத்தில் முட்டை ஒரு வாரத்துக்குள் முழுப் பேனாக வளர்ந்துவிடும். மருந்தை ஒருமுறை அடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

நான் செய்வது இப்படி: செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடி, இலைகளின் அடிப்பக்கத்தில் ஷவரை நன்றாகப் பீய்ச்சுவேன். பெரும்பாலான பேன்கள் இதிலேயே போய்விடும். ஈரம் உலர்ந்ததும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்ப எண்ணெயும் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, மாலையில் அடிப்பேன். வெயிலில் அடித்தால் இலை கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். எண்ணெய்க்கு முட்டைகள் எல்லாம் சாகாது, அதனால் ஐந்தாறு நாள் இடைவெளி விட்டு மூன்று நான்கு முறையாவது திரும்பச் செய்யுங்கள்.

எண்ணெய் வாங்கும்போது கவனம் தேவை. லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் விளக்கேற்ற விற்கும் பஞ்சதீப எண்ணெய் இதற்கு ஆகாது, அது பல எண்ணெய்களின் கலவை. செக்கில் ஆட்டிய சுத்தமான வேப்ப எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஏர்கான் அறையில் இதன் வாடை மறுநாள் வரை போகாது, வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். மெல்லிய இலைப் பெரணிகளுக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. எந்தச் செடியானாலும் முதலில் ஓர் இலையில் அடித்துப் பார்ப்பது நல்லது. கடைகளில் கிடைக்கும் இமிடாகுளோபிரிட் மருந்தை இதற்கு வாங்காதீர்கள். அது பூச்சிகளுக்கானது, எட்டுக்கால் பேனை அது கொல்லாது. சில சமயம் அடித்த பிறகு பேன் இன்னும் கூடிவிடும்.

கலாத்தியாவில் இலை எல்லாமே வெளிறிப்போனால் நான் மருந்தோடு மல்லுக்கட்டுவதில்லை. அடியோடு வெட்டி, இலைகளைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன். கிழங்கு நன்றாக இருந்தால் புதுக்குருத்து வரும்.