பிரிப்பா, பதியமா, ஸ்போரா: செங்கோட்டைப் பக்கம் பெரணி பெருக்க எது தோது?

ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கிவிட்டால் புளியரை, செங்கோட்டைப் பக்கம் கிணற்று உறையிலும் பழைய சுண்ணாம்புச் சுவரிலும் பெரணி தானாக முளைத்துக் கிடக்கும். அதையே தொட்டியில் நாலாகப் பெருக்கலாம் என்று உட்கார்ந்தால் பாதி கருகும். செடிக்குப் பொருந்தாத முறையைப் பிடித்திருப்பார்கள். பழி கைராசியின் மேல் விழும்.

வழி மூன்று: கிழங்கைப் (வேர் பிடித்திருக்கும் அடித்தண்டு) பிரிப்பது, ஓடுகொடியைப் பதியம் போடுவது, இலைக்கடியில் இருக்கும் ஸ்போரை (விதைக்குப் பதிலாகப் பெரணி உண்டாக்கும் பொடி) தூவி முளைக்க வைப்பது. கையில் இருப்பது எந்தப் பெரணி என்று தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

பாஸ்டன் பெரணி என்றால் யோசிக்கவே வேண்டாம், பதியம்தான். அதன் ஸ்போர் பெரும்பாலும் மலடு. தூவினால் பாசிதான் மிஞ்சும். தொட்டியிலிருந்து பச்சை நூல் மாதிரித் தொங்கும் ஓடுகொடியைப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியில் படுக்கவைத்து, கம்பியை ‘ட’ மாதிரி வளைத்துக் குத்தி, ஈரம் காயாமல் பார்த்தால் ஐந்தாறு வாரத்தில் வேர்விட்டு இலை எழும். மூன்று இலை வந்தபின் கொடியை நறுக்கலாம். அந்த நூலைக் குப்பை என்று கத்தரித்து எறிபவர்கள்தான் அதிகம்.

பறவைக்கூடு பெரணி நேர் எதிர். நடுவில் ஒரே குருத்து. பிளந்தால் இரண்டு பாதியும் அழுகும். அதற்கு ஸ்போரை விட்டால் வேறு வழி கிடையாது. முளைக்கவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் கேரளத்துப் புனலூர்ப் பக்கம் போய், மலையாளத்தில் ‘பன்னல்’ என்று சொல்லி நர்சரியில் கன்றாகவே வாங்கிவிடலாம்.

உண்மையான போட்டி மெய்டன்ஹேர் பெரணியில்தான். கறுத்த காம்பும் கொத்தமல்லி மாதிரி இலையும் உள்ள செடி அது. பிரித்தாலும் வரும், ஸ்போரிலும் வரும்.

பிரிப்பதென்றால் முதல் நாளே நன்றாகத் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டும். ஆறு அங்குலத் தொட்டிச் செடியை மூன்று துண்டுக்கு மேல் போடக் கூடாது. ஒவ்வொரு துண்டிலும் சுருண்ட குருத்து ஒன்றும் நாலு காம்பும் இருக்க வேண்டும். இலையில் பாதியைக் கத்தரித்துவிடுங்கள். அறுபட்ட வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. கிழங்கு மண்மட்டத்திலேயே இருக்கட்டும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால் குருத்து அழுகும். மூன்று வாரம் நிழல், மேலே தளர்வாக ஒரு பாலிதீன் பை. இரண்டாம் நாள் இலை துவண்டால் பயந்து தண்ணீரைக் கொட்டாதீர்கள். குறைவது காற்றில் உள்ள ஈரம்தான். ஆறேழு வாரத்தில் தேறிவிடும்.

ஸ்போருக்கு ஒரே இலை போதும், நூற்றுக்கணக்கில் கன்று கிடைக்கும். ஆனால் நாலு அங்குலத் தொட்டி அளவுக்கு வர எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். மெய்டன்ஹேரில் இலை ஓரம் உள்மடிந்த இடத்திலும், பறவைக்கூட்டில் இலையின் அடியில் பென்சிலால் கோடு கிழித்த மாதிரியும் ஸ்போர் இருக்கும். இதைச் செதில்பூச்சி என்று நினைத்துத் துடைத்தெடுப்பவர்கள் உண்டு. ஒழுங்காக வரிசை பிடித்து நின்றால் ஸ்போர். கண்டபடி சிதறி, நகத்தால் சுரண்டும்போது பெயர்ந்து வந்தால் பூச்சி.

பச்சையாக இருந்த ஸ்போர் பழுப்பேறியதும் இலையை வெட்டி, வெள்ளைத்தாளில் கவிழ்த்து, காற்றுப்படாமல் இரண்டு நாள் வையுங்கள். தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் சக்கை உருண்டு விழும். ஒட்டி நிற்கும் பொடிதான் ஸ்போர். மூடியுள்ள கண்ணாடிமாதிரிப் பிளாஸ்டிக் டப்பாவில் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, பொடியை மிக மெல்லிசாகத் தூவி மூடிவிட வேண்டும். நேர்வெயில் படாத வெளிச்சம் போதும். மண்ணால் மூடாதீர்கள், வெளிச்சம் இல்லாமல் முளைக்காது.

இரண்டு முதல் ஆறு வாரத்தில் பச்சை படரும். பின் இதய வடிவத்தில், அரை சென்டிமீட்டர்கூட இல்லாத தகடுகள் வரும். இது இன்னும் பெரணி ஆகவில்லை. இந்தத் தகட்டின் அடியில்தான் ஆண், பெண் உறுப்புகள். ஆண் அணு நீந்திப் போக ஒரு படலம் தண்ணீர் வேண்டும். அதனால் காய்ச்சி ஆறிய நீரை இந்தக் கட்டத்தில் வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டும். நாலைந்து மாதமாகத் தகடு அப்படியே நிற்கிறது என்று புலம்புபவர்கள் தெளிக்க மறந்திருப்பார்கள், அல்லது கூட்டமாகத் தூவியிருப்பார்கள். நெரிசலில் பல வகைகள் ஆணாகவே நின்றுவிடும். அடைகாக்கும் கோழியைப் போலத்தான், திறந்து திறந்து பார்த்தால் கெட்டது: பூஞ்சணமும் பாசியும் அப்போதுதான் உள்ளே போகும்.

நாலைந்து தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு மெய்டன்ஹேரைப் பிரிப்பதே போதும். ஸ்போர், பறவைக்கூட்டுக்கும் நூறு கன்று கேட்பவர்களுக்கும்.

எந்த முறையானாலும் ஜூனிலோ ஐப்பசி மழை தொடங்கும்போதோ ஆரம்பிப்பது நல்லது. பங்குனி, சித்திரையில் பிரிப்பது வீண். ஒரு எச்சரிக்கை: செங்கோட்டையில் சாரலோடு வரும் காற்று, கிழக்கே போகப் போக ஈரம் குறைந்து வெறுங்காற்றாகும். அங்கே சுவர் மறைவில்லாமல் வைத்தால் ஒரே மதியத்தில் இலை ஓரம் முறுகிவிடும்.

மண்ணுக்குக் கோகோபீட் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. கோகோபீட்டை மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், உப்பு நிறைய இருக்கும். இலைநுனி கருகினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். பறவைக்கூடு பெரணி மரத்தில் ஒட்டி வளர்வது, அதற்கு மண்ணே வேண்டாம்: உரிமட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் சல்லி. பிரித்த துண்டைப் பெரிய தொட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் தேங்கி வேர் அழுகும். வேரைச் சுற்றிலும் ஒரு விரல் இடம் இருந்தால் போதும்.