அதிகாரபூர்வத் தமிழ்ப் பதிப்பு என்று வரும் விண்வெளி ஆட்டப் பெட்டி: முன்பணம் கட்டும் முன் படிக்கவும்

பாத்திரமேற்று ஆடும் அறிவியல் புனைவு ஆட்டம் ஒன்றின் ‘அதிகாரபூர்வத் தமிழ்ப் பதிப்பு’ என்று சொல்லி, விதிநூல், பகடைகள், விண்மீன் வரைபடம் ஆகியவை அடங்கிய பெட்டியை முன்பணம் வாங்கிக்கொண்டு விற்கும் ஒருவர், இராமநாதபுரம் கரையோரத்தில் எங்கள் ஆட்டக்குழுவை ஏமாற்றிய பிறகு இப்போது தூத்துக்குடி, காரைக்குடிப் பக்கத்து இளைஞர்களை அணுகத் தொடங்கியிருக்கிறார் என்று தெரியவந்ததால் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. தவிர, நிறுவனப் பெயரை அவர் சட்டை மாற்றுவதுபோல மாற்றிக்கொள்கிறார். ஆகவே அவருடைய பெட்டியை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்பதையே விரிவாகச் சொல்கிறேன்.

இவ்வகை ஆட்டங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சிறு அறிமுகம். ஒருவர் கதைக்களத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும் இடங்களில் பகடை உருட்டுவார்கள். 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு வழி திறந்தது. விண்வெளிக் கதைகளுக்கென்று 1977இல் அமெரிக்காவில் வெளியான ‘டிராவலர்’ இன்றுவரை பல பதிப்புகளாக வாழ்கிறது. சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி, திறமைக்கு உரிய எண்ணைக் கூட்டி, எட்டோ அதற்கு மேலோ வந்தால் காரியம் கைகூடியது என்பதுதான் அதன் அடிப்படை விதி. கூட்டும் எண் சுழியமாக இருந்தால் முப்பத்தாறில் பதினைந்து வாய்ப்பு. பகடை நேர்மையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் குழுவில் கீழக்கரை, மண்டபம், தேவிபட்டினம், இராமேசுவரம் என்று பல ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். விடுமுறை நாள்களில் கேணிக்கரையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுவோம். கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் வீடியோ அழைப்பில் சேர்ந்துகொள்வார்கள். விசைப்படகுத் தொழிலில் இருக்கும் மண்டபத்து நண்பர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி கடலில் கழிவதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே எங்கள் முழுநேர ஆட்டப் பருவம். அந்த அறுபத்தொரு நாளில்தான் ஒரு நீண்ட கதையைத் தொடங்கி முடிக்க முடியும்.

எங்கள் கதையுலகமும் இந்தக் கரையிலிருந்து எடுத்ததுதான். நிலமே இல்லாத, முழுவதும் நீர் சூழ்ந்த ஒரு கோள். அதைச் சுற்றி மிதக்கும் துறைமுகங்கள். விண்மீன்களுக்கிடையிலான ஓட்டப்பாதைகளுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளின் பெயர்கள். கப்பல் உரிமையாளரைச் சம்மாட்டி என்போம். கப்பலில் வருகிற வரும்படியைப் படகில் பிரிப்பதைப் போலவே பங்கு போட்டுக்கொள்வோம். டிராவலர் வழிவந்த விதிகளில் கப்பலைக் கடனுக்கு வாங்கி, விலையில் 240இல் ஒரு பங்கை மாதந்தோறும் நாற்பது ஆண்டுகள் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. சொந்தமாகப் படகுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் மண்டபத்து நண்பருக்கு இந்த விதியை விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. இந்த உலகத்தைப் பற்றிய குறிப்புகள், துறைமுக வருணனைகள், பாத்திரங்களின் முன்கதைகள் என எல்லோரும் சேர்ந்து எழுதியது ஒரு சிறுநூல் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் எங்களிடம் வந்தார். டிராவலரின் தமிழ் உரிமை தம்மிடம் இருப்பதாகவும், சிவகாசியில் அச்சிட்டு உயர்தரப் பெட்டியாக வெளியிடப்போவதாகவும், எங்கள் கதையுலகத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்து எழுதியவர்கள் பெயரைப் போடுவதாகவும் சொன்னார். விலை 2,800 ரூபாய். பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். தடைக்காலத்துக்கு முன் பெட்டி கையில் இருக்கும். முன்பணம் போன பிறகு, அச்சுக்கு ஏற்றுவதற்கு மீதிப் பாதியும் வேண்டும் என்றார். அதற்கு மேல் புத்தகத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, புத்தகத்தை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கும் கட்டணம் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கினார். பணம் போன யுபிஐ கணக்கு ஒவ்வொரு முறையும் வேறொரு தனிநபர் பெயரில் இருந்தது.

ஏப்ரல் வந்தது, பெட்டி வரவில்லை. பகடைகள் வெளிநாட்டிலிருந்து வருவதால் சுணக்கம் என்றார். பிறகு மண்டபத்து நண்பரை அழைத்து, “சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்துல நிக்குது தம்பி, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் சுங்கம் கட்டிட்டா மறுநாளே வண்டி ஏறிடும்” என்றார். எங்கள் குழுவில் ஒருவருடைய சித்தப்பா தூத்துக்குடியில் சரக்கு அனுமதி முகவரிடம் வேலை பார்க்கிறார். “பில் ஆஃப் என்ட்ரி எண்ணைக் கொடுக்கச் சொல், நானே பார்த்துச் சொல்கிறேன்” என்று அவர் சொன்னதை அப்படியே விற்பவரிடம் தெரிவித்தோம். இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஆவணம்தான் பில் ஆஃப் என்ட்ரி. அதற்கப்புறம் சுங்கப் பேச்சு எழவே இல்லை. இறக்குமதித் தீர்வை அரசுக்குக் கட்டப்படுவது, அதற்கு ஆவணம் உண்டு. யாருடைய கைபேசி எண்ணுக்கும் அதை அனுப்பும் வழக்கம் இல்லை. தடைக்காலம் முழுவதும் தவணை சொல்லிக்கொண்டே இருந்து, படகுகள் மீண்டும் கடலுக்குப் போன பிறகு ஒருவழியாகப் பெட்டிகள் கூரியரில் வந்தன. பெட்டியே வராமல் போயிருந்தால் அது வெறும் பண மோசடியாக முடிந்திருக்கும். வந்த பெட்டி அதைவிட மோசமாக இருந்தது.

விதிநூலில் டிராவலர் என்ற பெயர் அட்டையில் மட்டுமே இருந்தது. உள்ளே இருந்தவை, 2016இல் வெளியான ‘சீபியஸ் எஞ்சின்’ என்னும் திறந்த விதித்தொகுப்பின் பக்கங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுத் திருத்தாமலே அச்சிட்டிருந்தார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த விதிகளை எடுப்பது குற்றமே இல்லை. ‘ஓப்பன் கேம் லைசன்ஸ்’ என்ற உரிமத்தின்கீழ் அவை வெளியிடப்பட்டுள்ளன. யார் வேண்டுமானாலும் எடுத்து, மொழிபெயர்த்து, விலைக்கும் விற்கலாம். உரிமத்தின் முழு வாசகத்தையும் மூல உரிமையாளர்களின் பதிப்புரிமைக் குறிப்பையும் நூலில் சேர்க்க வேண்டும், அனுமதியில்லாமல் பிறருடைய வணிகப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்பவை அதன் முக்கியமான நிபந்தனைகள். அதாவது, அட்டையில் டிராவலர் என்று போடாமல், கடைசியில் ஓரிரு பக்கம் கூடுதலாக அச்சிட்டிருந்தால் விதிகளைப் பொறுத்தவரை அவர் நேர்வழியில் நின்றிருப்பார். காசு செலவில்லாத அந்த நேர்மையைக்கூட அவர் செய்யவில்லை. உரிமப் பக்கத்தைச் சேர்த்தால் உள்ளே இருப்பது இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது என்று வாங்குபவருக்குத் தெரிந்துவிடும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பின் அழகைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆடவே முடியாதபடி அட்டவணைகள் சிதைந்திருந்தன என்பதுதான் என் புகார். இந்த விதிகளில் ஒவ்வொரு கோளுக்கும் அளவு, வளிமண்டலம், நீர்ப்பரப்பு, மக்கள்தொகை, ஆட்சிமுறை என்று வரிசையாகக் குறியீடுகள் உண்டு; ஒன்பதுக்கு மேற்பட்ட மதிப்புகளை எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். மொழிபெயர்த்தபோது அந்த எழுத்துகள் உள்ள வரிகள் எல்லாம் உதிர்ந்துபோயிருந்தன. நீர்ப்பரப்பு அட்டவணையில் கடைசி வரி, ஏறத்தாழ முழுவதும் நீராலான கோளுக்கு உரியது. எங்கள் கதை நடக்கும் கோளே அந்தப் புத்தகத்தின்படி இருக்க வழியில்லாமல் போயிற்று.

கப்பல் விலையில் இன்னும் பெரிய குளறுபடி. மூலத்தில் மில்லியன் கிரெடிட் (கிரெடிட் என்பது ஆட்டத்தில் வழங்கும் பணம்) என்று இருப்பதையெல்லாம் கோடி என்று மாற்றிவிட்டு, மாதத் தவணையை மட்டும் பழையபடி விட்டிருந்தார். 24 மில்லியன் விலையுள்ள கப்பலுக்கு மாதம் ஒரு லட்சம் கட்ட வேண்டும். நாற்பது ஆண்டு முடிவில் விலையைப் போல இரு மடங்கு கட்டியிருப்போம். இவருடைய புத்தகத்தில் அதே கப்பல் 24 கோடி, தவணை அதே ஒரு லட்சம். நாற்பது ஆண்டும் கட்டி முடித்தால் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் அடைந்திருக்கும். இப்படி ஒரு வங்கி உண்மையிலேயே இருந்தால் எங்களுக்கும் முகவரி வேண்டும் என்று மண்டபத்துக்காரர் சொன்னார். கடனை அடைக்க முடியாத சம்மாட்டி எந்த வேலைக்கும் துணிந்து புறப்படுவதுதான் இந்த ஆட்டத்தில் கதைகளை ஓட்டிச்செல்லும் விசை. தவணை லேசாகிவிட்டால் ஆட்டமே படுத்துவிடும்.

பகடைகளுக்கு வருகிறேன். உருட்டும்போதே ஐயம் எழுந்ததால் உப்புநீரில் போட்டுப் பார்த்தோம். அக்ரிலிக் பகடை வெறும் தண்ணீரில் மூழ்கிவிடும். உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குப் போட்டுக் கலக்கிய நீரில் மிதக்கும். மிதக்கும் பகடையை விரலால் சுண்டிவிட்டால் நல்ல பகடை ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகத்தைக் காட்டி நிற்கும். உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் அந்தப் பக்கமே மறுபடி மறுபடி மேலே வரும். வாலிநோக்கத்து உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை. பெட்டியில் வந்த பகடைகளில் பெரும்பாலானவை இரண்டைக் காட்டியே நின்றன. எட்டு எடுக்க வேண்டிய ஆட்டத்தில் இரண்டைக் காட்டும் பகடை!

இவற்றையெல்லாம் மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாதது பின்னிணைப்பு. நாங்கள் எழுதிய கதையுலகம் முழுவதும், காற்றுப் பெயர்களும் துறைமுகங்களும் கீழக்கரை நண்பர் தம் பாட்டனாரின் கடல்பயணங்களை நினைத்து எழுதிய முன்கதையும் உட்பட, சொல் மாறாமல் அதில் இருந்தது. எழுதியவராக விற்பவரின் பெயர் இருந்தது. கேட்டபோது, “நீங்களே மின்னஞ்சலில் அனுப்பிய பிறகு அது என்னுடையதுதானே” என்றார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒன்றை எழுதிய உடனே உரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த உரிமையை மற்றொருவருக்கு மாற்றித் தர வேண்டுமானால் எழுத்து வடிவில், உரியவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். படிப்பதற்காக அனுப்பிய மின்னஞ்சல் அப்படிப்பட்ட மாற்றம் ஆகாது. ஆட்டத்தின் செயல்முறை, அதாவது இரண்டு பகடையை உருட்டி எட்டைத் தேடும் கருத்து, யாருக்கும் தனியுரிமை ஆகாது. அதை விளக்கி எழுதிய வாசகமும் படைத்த கதையும் உரிமைக்கு உட்பட்டவை. கதையுலகம் எழுதிவைத்திருக்கும் மற்ற குழுக்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும், ஏனென்றால் அவருடைய அடுத்த பெட்டியின் பின்னிணைப்புக்குச் சரக்கு எங்கிருந்தாவது வர வேண்டும்.

இந்தப் பெட்டியையோ இதைப் போன்ற வேறொன்றையோ உங்களிடம் யாராவது கொண்டுவந்தால், பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே உரிமப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். திறந்த விதிகளைப் பயன்படுத்தும் நேர்மையான பதிப்பாளர் எவரும் அதைக் காட்டத் தயங்கமாட்டார். வணிகப் பெயரின் உரிமை இருப்பதாகச் சொன்னால் மூலப் பதிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே புத்தகத்தின் பேரில் 18 விழுக்காடு கேட்பவரிடம் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அதில் பதினைந்து எழுத்தும் எண்ணுமாக இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் பதிந்திருந்தால் 33 என்று தொடங்க வேண்டும். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் இட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். எங்களுக்குக் கொடுத்த எண்ணில் பதினான்குதான் இருந்தன. ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் முகமை கட்டணமின்றி வழங்குகிறது. அதன் பதின்மூன்று இலக்கங்களை மாறிமாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இவருடைய அட்டையில் இருக்கும் எண் வகுபடாது. பட்டைக்கோட்டோடு பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்புக்குப் பதில் வராததால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். விற்பவர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை; வழக்குரைஞர் இல்லாமல் தாமே வாதாடலாம்; இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பணம் அனுப்பிப் பொருளே வராதவர்கள் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும், ஏனெனில் பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் தகவல் போனால்தான் அதை முடக்க முடியும்.

ஆணையத்தின் அறிவிப்பு கிடைத்த பிறகு அவர் மண்டபத்து நண்பரை அழைத்து, இந்த விவகாரத்தை வெளியே எழுதாமல் இருந்தால் பாதிப் பணத்தைத் தருகிறேன் என்று பேரம் பேசினார். முழுப் பணமும், எங்கள் எழுத்தைத் தாங்கிய பிரதிகளின் விற்பனையை நிறுத்துவதாக எழுத்துமூல உறுதியும் வேண்டும் என்று நாங்கள் பதில் அனுப்பியிருக்கிறோம். இதற்கிடையில் தூத்துக்குடியில் அவர் காட்டிவரும் புதிய பெட்டியில் அட்டைப் படமும் நிறுவனப் பெயரும் மாறியிருக்கின்றன; பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் எண் மட்டும் அதே வகுபடாத எண்தான்.