விலங்குகளுக்கு பிசியோதெரபி: பி.வி.எஸ்சி.யா, பி.பி.டி.யா, பிரிட்டனா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சில பிள்ளைகள் கேட்கிறார்கள்: "நாய், பூனை, குதிரைக்கெல்லாம் பிசியோதெரபி பார்க்கணும். என்ன படிக்கலாம்?" தமிழ்நாட்டில் இந்தப் பெயரிலேயே ஓர் இளநிலைப் பட்டம் கிடையாது. அதனால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். கால்நடை மருத்துவம் (பி.வி.எஸ்சி.) படித்துவிட்டு வருவது ஒரு வழி. மனித பிசியோதெரபி (பி.பி.டி.) படித்துவிட்டு வருவது இன்னொன்று. வெளிநாடு போய் நேரடியாக இதையே படிப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுவதில்லை.

படிப்பைப் பேசுவதற்கு முன்னால் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி, பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது ஒரு டாஷ்ஹண்ட். குட்டைக் காலும் நீள முதுகும் கொண்ட இந்த இனத்துக்கு அடிக்கடி வரும் நோய் இது. நாயைத் தாங்கிப் பிடித்து நிறுத்தி, பின்பாதத்தை மடக்கி, அதன் மேல்பக்கம் தரையில் படும்படி வைப்பார்கள். நரம்பு சரியாக இருந்தால் அடுத்த கணமே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொள்ளும். இல்லையென்றால் மடங்கியபடியே கிடக்கும். நிலைமை இன்னும் மோசம் என்று தோன்றினால், கால்விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார்கள். கால் வெடுக்கென்று உள்ளே போனதும் 'அப்பாடா, உணர்ச்சி இருக்கு' என்று நினைத்துவிடக் கூடாது. அது தண்டுவடத்தோடு முடிந்துபோகும் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், அல்லது கடிக்க வர வேண்டும். வலி மூளை வரைக்கும் போயிருக்கிறது என்று அப்போதுதான் சொல்ல முடியும். போகவில்லை என்றால் உடனடியாக அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அது, மசாஜுக்கான நேரம் அல்ல.

அறுவை முடிந்த பிறகு வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. வாரக்கணக்கில் மூட்டுகளை மடக்கி நீட்டுவது, தொடைச் சுற்றளவை டேப்பால் அளந்து குறித்துவைப்பது, தண்ணீர் டிரெட்மில்லில் நடக்க விடுவது. தண்ணீரின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பதே தனிக் கலை. இடுப்பு மூட்டு வரை தண்ணீர் நின்றால், நாயின் கால்களில் இறங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 38 சதவீதம்தான். முழங்கால் வரை என்றால் 85 சதவீதம் இறங்கிவிடும். நாய் காதைப் பின்னால் மடக்குகிறதா, வாயை நக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "வலிக்குதா?" என்று கேட்டால் பதில் வராது.

ஆக, இந்தத் தொழிலில் முடிவெடுக்கும் பாதி ஒன்று, பொறுமையாகக் கூடவே இருக்கும் பாதி ஒன்று. உங்களுக்கு எந்தப் பாதி வேண்டும் என்பதில்தான் படிப்பும் தீர்மானமாகிறது.

முதலில் பி.வி.எஸ்சி. இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்தரை வருடம். 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை நடந்துவருகிறது. கட் ஆஃப் உயரம், போட்டி கடுமை. உள்ளே போனால் மாடு, ஆடு, கோழி, பன்றி எல்லாம் படிக்க வேண்டும், பிரசவம் பார்க்க வேண்டும். "எனக்கு நாய் மட்டும் போதும்" என்பவர்களுக்கு இது சோதனைதான். பாடத்திட்டத்தில் பிசியோதெரபிக்குக் கிடைக்கும் இடமும் சின்னது. அப்புறம் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இருந்தும் இந்தியாவில் வேலை செய்யப் போகிறவருக்கு நான் சொல்வது பி.வி.எஸ்சி.யைத்தான். 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு செய்த கால்நடை மருத்துவர்தான் விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கலாம். டிப்ளமோ, சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குச் சின்னச் சின்ன சேவைகளில் இடம் உண்டு, அதுவும் பதிவு செய்த மருத்துவரின் மேற்பார்வையில். விலங்கு பிசியோதெரபிஸ்ட் என்று தனி வகை எதுவும் அதில் இல்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நோயாளியின் பக்கம் நின்று பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ராட்வீலர் ஒன்று முன்னங்காலை நொண்டினால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே பார்த்து இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் கையில் ஆறு வாரப் பயிற்சி என்பது ஆறு வார இழப்பு. இந்தத் துறையில் போதிய வருமானம் வராவிட்டாலும், பொது கிளினிக் வைக்கலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதி உதவி மருத்துவராகப் போகலாம்.

குறை என்னவென்றால் நேரம். வரிசையில் தடுப்பூசிக்குப் பத்து நாய்கள் காத்திருக்கும்போது, ஒரு நாயோடு முக்கால் மணி நேரம் தரையில் உட்கார முடியாது. மருத்துவரானவர் மெல்ல மெல்ல பிசியோதெரபியைக் கைவிட்டுவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது.

பி.பி.டி. இதற்கு நேர் எதிர். நாலரை முதல் ஐந்து வருடம். தசை, மூட்டு, நரம்பு, நடை, இதுதான் படிப்பே. விரல் நுனியில் தசையின் இறுக்கத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சி இங்கே கிடைப்பதுபோல் கால்நடைப் படிப்பில் கிடைக்காது. ஆனால் எல்லாம் இரண்டு கால் உடம்பு. நாய்க்குத் தோளில் நம்மைப் போன்ற காரை எலும்பு கிடையாது. முன்னங்கால் தசைகளால்தான் உடம்போடு பிணைந்திருக்கிறது. எடையில் சுமார் 60 சதவீதம் முன்பக்கம் இருக்கிறது. திரும்பப் படிக்க வேண்டியது ஏராளம். பட்டம் வாங்கியதும் சென்னையிலோ கோவையிலோ "நாய்களுக்கு பிசியோ" என்று தனியாகப் பலகை மாட்டுவது சட்டப்படியும் சரியில்லை, நாய்க்கும் நல்லதில்லை. கால்நடை மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, அவர் சொல்லும் நோய்க்கு வேலை பார்ப்பதே பாதுகாப்பு. அப்படி இருவர் சேர்ந்த கிளினிக்தான் என் கண்ணுக்கு மிகச் சிறந்த அமைப்பு. முடிவெடுக்க ஒருவர், கூடவே இருக்க ஒருவர்.

பிரிட்டனில் இது ஓரளவு நிலைபெற்ற தொழில். ஹார்ப்பர் ஆடம்ஸ், நாட்டிங்ஹாம் போன்ற பல்கலைக்கழகங்களில் வெட்னரி பிசியோதெரபி என்றே படிக்கலாம். குதிரைகளை இவ்வளவு நெருக்கமாகக் கற்க நம் ஊரில் வாய்ப்பு குறைவு. அங்கேயும் கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதல் வேண்டும். கால்நடை மருத்துவர் அல்லாதவர்களும் விலங்குகளுக்குச் சில சிகிச்சைகள் செய்ய அனுமதிக்கும் 2015-ன் விதிவிலக்கு ஆணை அதைத்தான் சொல்கிறது. பணக் கணக்கு மட்டும் இடிக்கிறது. வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணமே பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். படித்து முடித்தவர்களில் பலர் அங்கே சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள், வீடு வீடாக, லாயம் லாயமாகப் போகிறவர்கள். நீண்டகால வேலை விசாவுக்கோ ஸ்பான்சர் செய்யும் முதலாளி வேண்டும். இந்த முரண்பாட்டைக் கல்விக் கண்காட்சிகளில் யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. அதோடு, அந்த இளநிலைப் பட்டத்தை வைத்து மனிதர்களுக்கு வேலை பார்க்க முடியாது. இந்தியா திரும்பினால் கால்நடை மருத்துவராகவும் பதிய முடியாது. அதனால் பிளஸ் டூ முடித்த கையோடு கடன் வாங்கி இதற்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாரக் கடைசி ஆன்லைன் சான்றிதழ்கள் பற்றி ஒரே வரி: அடிப்படைப் பட்டம் இருந்தால் துணை, இல்லாவிட்டால் வெறும் காகிதம்.

பிரிட்டன்தான் லட்சியம் என்றால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே இந்திய பி.வி.எஸ்சி. நேரடியாகச் செல்லாது, கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் அங்குள்ள ராயல் காலேஜ் (RCVS) நடத்தும் தனித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பி.பி.டி. முடித்தவரோ அங்குள்ள சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பித்து, அனுமதி கிடைத்தால் மருத்துவமனையில் மனிதர்களுக்கு வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொண்டே, விலங்கு பிசியோவில் முதுநிலை படிக்கலாம். ஆக்பாட் (ACPAT) என்ற அங்குள்ள விலங்கு பிசியோதெரபிஸ்ட்கள் சங்கத்தில் இருப்பவர்கள் இப்படி மனிதரில் தொடங்கி விலங்குக்கு வந்தவர்கள்தான். பி.பி.டி.யில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் அதை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. படிக்கும்போதே விடுமுறைகளில் ஒரு கால்நடை மருத்துவரின் கிளினிக்கிலோ, விபத்தில் முதுகு உடைந்த தெருநாய்களைப் பராமரிக்கும் காப்பகத்திலோ போய் நில்லுங்கள். நாயைச் சரியாகப் பிடிக்கவும், கடி வாங்காமல் காலைத் தொடவும் அங்கேதான் பழக முடியும். ரேபிஸ் தடுப்பூசியைப் போவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.