கவரா, டப்பாவா, தூக்கா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சென்னை வியாசர்பாடியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கிவிடுவோம். அத்தோவை இலையில் மடித்துத் தந்துவிடுவார்கள். சிக்கல் அதோடு தரும் வாழைத்தண்டு சூப்தான். கொதிக்கக் கொதிக்க அதை எதில் வாங்குவது? மூன்றையும் பார்த்துவிட்டேன்.

கவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான 14 பொருட்களில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் கேரி பேக்கும் உண்டு. இருந்தும் கொடுக்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். சூடான சூப் அதற்குள் தளதளவென்று ஆடுவதைப் பார்த்தாலே எனக்குக் குடிக்கத் தோன்றாது.

டப்பாவில்தான் ஏமாந்தேன். அடியில் முக்கோணம், நடுவில் 5 என்ற எண். பாலிபுரோப்பிலீன், மறுசுழற்சி ஆகும் ரகம். கழுவி வைத்து எடைக்குப் போட்டால் போகிறது என்று பரணில் சேர்த்தேன். ஒரு கோணி நிறைந்தது. காயலான் கடைக்காரர் தராசில் வைத்தார்: நாற்பது டப்பா, ஒரு கிலோகூட வரவில்லை. ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துக் காட்டினார். மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு. "வாட்டர் பாட்டில் கொண்டாங்க, பால் கவர் கொண்டாங்க, பக்கெட் உடைஞ்சா கொண்டாங்கக்கா. இத நான் யார் தலைல கட்றது?"

என் முடிவு அங்கேதான் மாறியது. எந்த வகை பிளாஸ்டிக் என்பதற்கு மேல் அந்த முக்கோணம் எதற்கும் உத்தரவாதமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு எடையில்லாத சரக்கை வண்டியேற்றி, கழுவி, தரம் பிரிக்கிற செலவு திரும்பி வராது என்றால் அதை யார் தொடுவார்கள்? அவர் ஆசையாக வாங்கும் பாட்டில்கூடப் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகிச் சட்டையாகும். அந்தச் சட்டை மறுபடி பாட்டிலாவது அபூர்வம். 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக்கில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. எப்போதோ படித்திருந்தேன், கோணியைத் திரும்பத் தூக்கி வந்த அன்றுதான் உறைத்தது. கடைசியில் அது குப்பை வண்டியில் போனது. அங்கிருந்து எங்கே போகும் என்று குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கொடுங்கையூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இப்போது தூக்கு. மாமியாருடைய பழைய எவர்சில்வர் தூக்கு, இரண்டு லிட்டர் பிடிக்கும். முதல் வாரமே கூத்து: ஸ்கூட்டரில் மாட்டி வந்தேன், ஸ்பீடு பிரேக்கரில் மூடி கழன்று பாதி சூப் என் செருப்பில். இப்போது மூடிமேல் துணி போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறேன். கழுவுகிற வேலை உண்டு, சரி, டப்பாவையும் கழுவிக்கொண்டுதானே இருந்தேன்? இன்னொரு லாபம்: கவரென்றால் அளந்து இரண்டு கரண்டி, தூக்கைக் கண்டால் கடைக்காரர் கை தாராளமாகிவிடுகிறது.

எல்லாக் கடையிலும் இது செல்லுமா என்றால், நான் போவது முகம் தெரிந்த இரண்டு கடைக்கு மட்டும். ஆன்லைனில் வரவழைத்தால் டப்பாதான், தப்பிக்க முடியாது. தூக்கை மறந்துபோகிற ஞாயிறுகளில் சூப்பை அங்கேயே நின்று குடித்துவிட்டு, அத்தோவை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறேன். வீட்டில் திட்டு விழும்.